பொலிரோவில் இன்வெர்ட்டரும் சாக்கெட்டும்: தேனியில் செய்த வேலை, பத்து மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் வீடு போடியில். வண்டி 2013 மாடல் பொலிரோ. வாரத்தில் நாலு நாள் போடிமெட்டு ஏறி பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும். அம்மாவுக்கு 71 வயது, மூச்சிரைப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை ஊற்றிக் காலையும் இரவும் பத்து நிமிடம் நெபுலைசர் வைக்கிறோம், மருந்தைப் புகை போலாக்கி மூச்சில் இழுக்க வைக்கிற மெஷின் அது. சிரமமான நாளில் நடுவிலும் வைக்க வேண்டி வரும். போடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். தேனி, ஆண்டிபட்டி, கணவாய், உசிலம்பட்டி என்று போகிற அந்த இரண்டரை மணி நேரத்தில் எந்த இடத்தில் கேட்டாலும் மெஷின் ஓடியாக வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரன்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரை வண்டிக்குள் போட்டது அதற்காகத்தான். போன் சார்ஜ், லேப்டாப், தோட்டத்தில் காய் எடை போடும் டிஜிட்டல் தராசு எல்லாம் பிறகு கூட வந்து ஒட்டிக்கொண்டவை.

பேட்டரியில் ஓடும் உள்ளங்கை அளவு மெஷ் நெபுலைசரும் வாங்கிப் பார்த்தோம். சத்தமே இல்லை, நல்ல சாமான்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் உடனே கழுவிக் காயவைக்காவிட்டால் அந்தச் சல்லடைத் துளை அடைத்துக்கொள்கிறது. பயணத்தில் அது நடக்கிற காரியமில்லை. அம்மாவுக்கும் பழகிய மெஷினின் சத்தம் கேட்டால்தான் பாதி தைரியம் வருகிறது.

இந்த வேலையை நான் இரண்டு முறை செய்தேன். முதல் முறை நடந்ததைச் சொன்னால்தான் இரண்டாவது கடையை ஏன் இவ்வளவு பாராட்டுகிறேன் என்பது விளங்கும்.

முதலில் போனது கார் சீட் கவர், ஸ்டீரியோ எல்லாம் போடுகிற ஒரு கடை. 200 வாட் இன்வெர்ட்டர் ஒன்றைக் கொடுத்து, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிக்கொள்ளுங்கள் என்றார்கள். பின்சீட்டுக்கு எட்டவில்லை என்றதும், டேஷ்போர்டுக்குப் பின்னால் அந்த லைட்டர் ஒயரையே உரித்து, இன்னொரு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிப் பின்னால் ஒரு சாக்கெட் வைத்துக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேர வேலை. 3,400 ரூபாய் வாங்கினார்கள். ஒரு வாரத்தில் இரண்டு தடவை ஃபியூஸ் போனது. திரும்பக் கொண்டுபோனேன். "இனிமே போகாது சார்" என்று வேறு ஃபியூஸ் போட்டு அனுப்பினார்கள். உண்மையில் அதற்குப் பிறகு போகவில்லை. அது ஏன் போகவில்லை என்று யோசிக்கிற அறிவு எனக்கு அன்றைக்கு இல்லை.

மதுரைக்குப் போகும் வழியில் ஒரு நாள், ஆண்டிபட்டி தாண்டிக் கணவாய் ஏறும்போது அம்மா, "மூச்சு முட்டுதுய்யா, மெஷினைப் போடு" என்றார். என் மனைவி பின்சீட்டில் மெஷினைப் போட்டாள். வீட்டில் கேட்கிற சத்தம் இல்லை, அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். மருந்துப் புகை மெலிசாக வந்தது. இரண்டு நிமிடத்தில் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றது, மறுபடி ஓடியது, மறுபடி கத்தியது. பிறகு பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். ஓரம் கட்டிப் பார்த்தால், சாக்கெட்டில் செருகியிருந்த பிளக்கின் முனை இளகி உள்ளேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு நாற்றம் அடங்கும்வரை நின்றோம். திரும்ப மாட்டி வண்டியை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் டீக்கடையில் நிறுத்தினேன். "அண்ணே, அம்மாவுக்கு மூச்சு முடியல, ஒரு பிளக் வேணும்" என்றேன். அவர் பேசவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைப் பிடுங்கிவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பி, அம்மாவை உட்கார வைத்தார். பத்து நிமிடத்தில் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டவன்.

அடுத்த வாரம் தேனியில், பெரியகுளம் ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. வெளியே நாலு பழைய டைனமோ, உள்ளே ஒரு மேஜை, ஒரு பையன். அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். நான் இன்வெர்ட்டர் என்று ஆரம்பித்ததுமே, "அது இருக்கட்டும் தம்பி, என்னத்த ஓட்டப் போறீங்க? அந்த மெஷினைக் கொண்டாங்க" என்றார். கொண்டுபோயிருந்தேன். முதல் கடையில் இந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை.

கரன்ட்டில் மாட்டி, ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஓடும்போது 0.6 ஆம்பியர் காட்டியது. ஸ்விட்ச் போடுகிற அந்த நொடியில் எண் துள்ளி ஏறி இறங்கியது. "பாத்தீங்களா, மோட்டாரு கெளம்பும்போது இழுக்குறது இதுதான். ஓடுறதுக்குக் கணக்குப் பாத்து வாங்குனா கெளம்புறப்ப மாட்டிக்கும்." கம்ப்ரஸர் மோட்டார் உள்ள எதற்கும் இது பொருந்தும். 300 வாட், அதிலும் வீட்டுக் கரன்ட் போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் வாங்கச் சொன்னார். மலிவான இன்வெர்ட்டர் கொடுப்பது படிப்படியாக வெட்டிய அலை. போன் சார்ஜருக்கும் லேப்டாப் சார்ஜருக்கும் பெரும்பாலும் அது போதும், மோட்டாருக்குத்தான் ஆகாது. சூடாகும், உறுமும், அழுத்தம் குறையும். கணவாயில் மருந்துப் புகை மெலிசாக வந்ததற்குப் பாதிக் காரணம் அது.

மீதிக் காரணத்தை ஃபியூஸ் பெட்டியைத் திறந்ததும் பார்த்தார். ஒரு பச்சை ஃபியூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது யாரு போட்டது?" என்றார். வண்டிகளில் இருக்கும் கத்தி ஃபியூஸுக்கு நிறம்தான் அடையாளம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. என் வண்டியில் லைட்டர் சாக்கெட்டுக்கு இருந்தது நீலம். அது அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் பச்சையைச் செருகிவிட்டிருக்கிறார்கள். ஒயர் அதே பழைய மெல்லிய ஒயர்.

"தம்பி, ஃபியூஸ் காப்பாத்துறது உங்க மெஷினை இல்ல, ஒயரை. 15 தாங்குற ஒயருக்கு 30 போட்டா ஃபியூஸ் உக்காந்து வேடிக்கை பாக்கும், ஒயர் எரியும்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அம்மாவும் மனைவியும் உட்கார்ந்திருந்த வண்டியில், டேஷ்போர்டுக்குப் பின்னால், துணிக்கும் ரப்பருக்கும் நடுவில் அந்த ஒயர் இருந்தது என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும், உங்கள் வண்டியின் ஃபியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கிற எண்ணும் உள்ளே செருகியிருக்கிற ஃபியூஸின் எண்ணும் ஒன்றுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அண்ணன் முதல் வேலையாக டேப் சுற்றிய முறுக்கை அறுத்தெறிந்து, லைட்டர் சாக்கெட்டை மாற்றி, நீல ஃபியூஸைத் திரும்பப் போட்டார். அதில் இனி ஒரு போன் சார்ஜர் மட்டும். அந்தச் சாக்கெட்டின் மூடியிலேயே 12 வோல்ட், 120 வாட் என்று எழுதியிருக்கிறது. அதாவது 10 ஆம்பியர். இதில் 200 வாட் இன்வெர்ட்டரைச் செருகச் சொல்லி விற்கிறார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

இன்வெர்ட்டருக்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தனி லைன். இடது முன்சீட்டுக்கு அடியில் வைப்பது என்று முடிவானது. பேட்டரியிலிருந்து அங்கே இரண்டரை மீட்டர், போக வர ஐந்து மீட்டர். நான் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போதாதா, வீட்டில் ஏசிக்கே அதுதானே என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் 230 வோல்ட், அதனால் ஆம்பியர் குறைவு. இங்கே 12 வோல்ட். 300 வாட் முழுவதும் எடுத்தால், இன்வெர்ட்டர் தனக்குத் தின்பதையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 28, 30 ஆம்பியர் போகும். 25 ஆம்பியர் என்றே வைத்தாலும், 2.5 ஒயரில் ஐந்து மீட்டருக்கு முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகும். 10 ஸ்கொயர் எம்எம்மில் கால் வோல்ட்டுக்கும் கீழே. வீட்டில் முக்கால் வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டில் முக்கால் போனால் இன்வெர்ட்டர் கத்தும். தொலைகிற அந்த வோல்ட் சும்மாவும் போவதில்லை, ஒயரில் சூடாகத்தான் மாறுகிறது. 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட்டோம். அலுமினியத்தில் காப்பர் முலாம் பூசிய ஒயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பாதி விலை. வெட்டுமுகத்தைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அண்ணன் கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினார்.

அந்த ஒயரின் முனைக்கு லக், அதாவது போல்ட்டில் மாட்டுகிற உலோகக் காது, அடித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முனையில் தோலை லக்கின் குழல் நீளத்துக்கு மட்டும் வட்டமாகக் கீறி உருவினார், ஒரு இழைகூட அறுபடவில்லை. இழைகளை முறுக்காமல் விரலால் ஒன்று சேர்த்து லக்குக்குள் விட்டார். நுனி மறுபக்கத் துளையில் எட்டிப் பார்க்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டினார். பிறகு கைப்பிடி நீளமான கிரிம்பிங் கருவியில் வைத்து இரண்டு இடத்தில் அழுத்தினார். ஒயரைக் காலில் மிதித்துக்கொண்டு லக்கைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். வரவில்லை. அதன்மேல் சுருங்கும் ஸ்லீவை ஏற்றி, பையன் லைட்டரால் சூடு காட்டினான். ஒரு முனைக்குப் பத்து நிமிடம். முதல் கடையில் பத்து நிமிடத்தில் பாதி வேலையே முடிந்திருந்தது.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். அவ்வளவு பக்கத்தில் எதற்கு என்று கேட்டேன். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற ஒயருக்குக் காவல் கிடையாது, அது பாடியில் உரசினால் பேட்டரியின் மொத்தக் கரன்ட்டும் அங்கே இறங்கும், அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்றார். இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வருகிற தகட்டில் துளையைச் சுற்றி ரப்பர் குரோமெட், ஒயர் முழுக்கச் சுருள் குழாய், ஒரு அடிக்கு ஒரு டை. சைலன்ஸர் பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுவந்தார்.

சாக்கெட்டுகளுக்கு வேறு லைன். டேஷ்போர்டில் ஒன்று, நடுசீட்டுக்கு ஒன்று, யுஎஸ்பியும் டைப்-சியும் உள்ள ஒரு பலகை. 2.5 ஒயர், தனி 15 ஆம்பியர் ஃபியூஸ், நடுவில் ரிலே, அதாவது சின்னக் கரன்ட்டால் தானாக இயங்கும் ஸ்விட்ச். ரிலேயின் 30-ஆம் கால் பேட்டரிக்கு, 87 சாக்கெட்டுகளுக்கு, 86 சாவியில் வருகிற கரன்ட்டுக்கு, 85 எர்த்துக்கு. சாவியைத் திருப்பினால்தான் சாக்கெட்டில் உயிர் வரும், எடுத்தால் நின்றுவிடும். யாராவது சார்ஜரை மறந்து விட்டுப்போனாலும் பேட்டரி இறங்காது.

இன்வெர்ட்டரையும் ரிலேயில் போடலாமா என்று அவரே கேட்டு, அவரே யோசித்து, வேண்டாம் என்றார். "வண்டி நின்னாலும் அம்மாவுக்கு வேணும்ல?" அதுதான் சரி. மெஷின் ஓடும்போது பேட்டரியிலிருந்து 11 ஆம்பியர் போகிறது என்று மீட்டரில் காட்டினார். கால் மணி நேரத்துக்கு மூன்று ஆம்பியர்-ஹவருக்குள்தான். நல்ல பேட்டரிக்கு அது பெரிய காரியமில்லை. ஆபத்து மறதியில்தான் இருக்கிறது. எதுவும் மாட்டாமல் ஆன் செய்து விட்டாலே இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும், இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுக்காது. அதனால் டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு ஸ்விட்ச், ஆன் செய்தால் சிவப்பு விளக்கு. பக்கத்திலேயே சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர். இன்வெர்ட்டர் தானாக நிற்பது 10.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில். அதுவரை விட்டால் வண்டி கிளம்பாது. வண்டி நிற்கும்போது மீட்டர் 12.2-க்கு இறங்கினால் இன்ஜினைப் போட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்ன விதி, அதையே பிடித்து நடக்கிறேன். ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டுகிறது, டைனமோ நன்றாக இருக்கிறது என்பதும் தெரிந்துகொண்டேன்.

செலவு: இன்வெர்ட்டர் 5,200, ஒயர், லக், ஃபியூஸ், ரிலே எல்லாம் 2,150, சாக்கெட்டும் யுஎஸ்பி பலகையும் மீட்டரும் 1,100, கூலி 2,000. மொத்தம் 10,450 ரூபாய். கூலி குறைவு என்று இப்போதும் நினைக்கிறேன்.

பத்து மாதத்தில் அம்மாவுக்கு வழியில் மூன்று முறை தேவைப்பட்டது. மூன்று முறையும் வீட்டில் ஓடுகிற அதே சத்தத்தில், அதே பத்து நிமிடத்தில் முடிந்தது. கணவாய் ஏற்றத்தில் ஓடும் வண்டியிலேயே ஒருமுறை வைத்தோம். முடிந்ததும் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், கொஞ்சமும் சூடில்லை. மழை மாதங்களில் தோட்டத்தில் கரன்ட் இல்லாத நாட்களில் தராசும் லேப்டாப்பும் தலையில் மாட்டும் ஹெட்லைட்டுகளும் இதில்தான் சார்ஜ் ஆகின்றன.

குறைகளும் உண்டு. அரை நாள் என்று சொன்ன வேலை இரண்டு நாள் இழுத்தது. நடுவில் யாருடைய லாரியோ நின்றுபோனது என்று எழுந்து போய்விட்டார். பில் கிடையாது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து தரச் சொன்னேன், "நான் இருக்கேன்ல" என்றார். அவர் இல்லாத நாளில் போடிமெட்டில் எனக்கு அது வேண்டும். கடைசியில் நானே ஒவ்வொன்றையும் பார்த்து எழுதி டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன். நடுசீட்டு சாக்கெட்டை முழங்கால் இடிக்கிற உயரத்தில் வைத்துவிட்டார், நாலாவது மாதத்தில் மூடி உடைந்தது. இன்வெர்ட்டரைத் தரையில் பிடித்த திருகுகளுக்குத் துருப்பிடிக்காத பூச்சு போடவில்லை. மலையில் பனியும் ஈரமும் உள்ள இடத்துக்குப் போகிற வண்டி, இரண்டு திருகைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் வளையம் வந்திருக்கிறது.

கெட்டில் ஓடுமா, மிக்ஸி ஓடுமா என்று தோட்டத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். ஓடாது. 1,500 வாட் கெட்டிலுக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் வேண்டும். அதைக் கொடுக்க இந்த டைனமோவும் வராது, இந்த ஒயரும் தாங்காது. சீட்டுக்கு அடியில் இருந்தாலும் இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது வீட்டுக் கரன்ட்டேதான், ஈரக் கையால் தொடக்கூடாது, குழந்தைகள் உட்கார்ந்தால் பிளக் துளையை மூடி வைக்க வேண்டும். மேலே துண்டையோ பையையோ போடக்கூடாது, அதற்குக் காற்று வேண்டும்.

என் வண்டி வாரண்டி முடிந்த பழைய வண்டி. புது வண்டி வைத்திருப்பவர்கள் ஒயரில் கை வைக்குமுன் கம்பெனி சர்வீஸில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இப்போதைய சில வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே ஒரு சென்சார் இருக்கும். இன்வெர்ட்டரின் மைனஸை நேராக அந்த முனையில் மாட்டினால் அதன் கணக்கு தப்பும். பாடி எர்த் புள்ளியில்தான் மாட்ட வேண்டும். எந்த எலக்ட்ரீஷியனிடம் போனாலும் "என்ன ஓட்டப் போறீங்க" என்று அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல் ஒயரை உரிக்க ஆரம்பித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்த மதுரைப் பயணத்துக்கு முன்னால் தேனியில் நிறுத்தி, இன்வெர்ட்டரைப் பிடித்த நாலு திருகையும் மாற்றி, நடுசீட்டு சாக்கெட்டை ஒரு சாண் மேலே தூக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலையில் எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், லாரிக்காரன் வருவதற்குள் முடித்துவிடலாம் என்றார் அண்ணன்.